பதினாறு முடிந்த பிறகு

இந்த அத்தியாயம் மருத்துவர்களுக்கானது அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர், திருமழிசை போன்ற திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்கு லைன் வீடு வாடகைக்கு விடுபவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், ஹெச்.ஆர். அலுவலர்கள், மகளிர் குழுத் தலைவிகள், வார்டு உறுப்பினர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் ஆகியோருக்கானது. தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பவர்கள் இவர்கள்தான்.

முந்தைய அத்தியாயங்கள் நெருக்கடியில் இருப்பவரைப் பற்றிப் பேசின. இது, அவர் போன பிறகு மிஞ்சியிருப்பவர்களைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நெருங்கிய ஒருவரைத் தற்கொலையில் இழந்தவருக்கு அதே எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். துக்க வீட்டில் நாம் செய்கிற துணை, அடுத்த சாவைத் தடுக்கிற வேலையும் ஆகும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு 25.9. நாட்டின் சராசரி 12.4. நம் மாநிலத்தில் பதிவு ஒழுங்காக நடப்பதும் இந்த எண் உயர்ந்து தெரிய ஒரு காரணம்தான். ஆனால் அதைச் சொல்லி ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. அதே ஆண்டு நாடு முழுவதும் இறந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். காண்ட்ராக்ட் ஆட்களை நம்பியே ஓடும் ஒரு வட்டாரத்துக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி.

முதல் இரவு

உடல் அரசு மருத்துவமனைக்கு மாலையில் வந்து சேர்ந்தால் குடும்பம் விடியும்வரை காத்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய, அந்த அனுமதி கிடையாது. இது தெரியாமல் "வேணும்னே இழுத்தடிக்கிறாங்க" என்று கொதிப்பவர்கள் உண்டு. சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று அந்தக் கொதிப்பில் காசு பார்ப்பவர்களும் உண்டு. போனதும் முதலில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் காகித வேலைக்கு. இன்னொருவர் எந்த வேலையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு. டீ வாங்கித் தருவது, போனுக்கு சார்ஜ் போட்டுத் தருவது, ஊரிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் இவர் பொறுப்பு. ஒரே ஆள் இரண்டையும் செய்யப் போனால் ஸ்டேஷனுக்கும் பிணவறைக்கும் அலைவதிலேயே விடிந்துவிடும். தாயோ மனைவியோ பிணவறைத் திண்ணையில் தனியாக இருப்பார்.

காவல் துறை பதிவு செய்வது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் ஸ்டேஷனில் பழக்கத்தில் பழைய சட்டத்தின் எண்ணைச் சொல்லி "நூத்தி எழுபத்தி நாலு" என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். வழக்கு என்றதும் குடும்பம் மிரளும். இறப்பின் காரணத்தை அறிவதற்கான விசாரணை இது, யாரையும் குற்றவாளி ஆக்கும் வழக்கல்ல என்று புரியவையுங்கள். புகாரை ரைட்டர் எழுதித் தருவார். கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அழுது ஓய்ந்தவர் எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே அறியாமல் போட்டுவிட்டு, இன்சூரன்ஸ் ஆபீஸில் போய்த்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார். இறந்தவரின் போனை எடுத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் வருவாய்க் கோட்ட அளவில் தனி விசாரணை உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு அது பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகம். இரு வீட்டாரும் ஒரே வளாகத்தில் எதிரெதிரே நிற்கும் நேரம் அது. இரு பக்கமும் ஆளுக்கொருவர் துணை நிற்பது நல்லது. நாம் தீர்ப்பு சொல்லப் போகவில்லை.

உடலை வீட்டுக்கோ சுடுகாட்டுக்கோ கொண்டுபோக 155377 என்ற எண்ணில் அரசின் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். தனியார் வண்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

துக்க வீட்டில் வாய்

துர்மரணம் என்று சொல்லி உடலைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவராமல் பிணவறையிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு எடுத்துப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சடங்குகள் சுருங்குகின்றன; சில வீடுகளில் காரியமே மூன்றாம் நாளோடு முடிகிறது. வழக்கத்தோடு அன்றைக்குச் சண்டை போட வேண்டாம். ஆனால் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முகம் பார்க்க நேரம் கிடைத்ததா என்று மட்டும் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் தணிந்து கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்: "மாமா, அண்ணி ஒரு நிமிஷம் பாத்துக்கட்டும். அப்பறம் எடுக்கலாம்."

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, கடைசியா என்ன பேசினான், உனக்கு ஒண்ணுமே தெரியலையா. நாற்பது பேர் கேட்டால் அந்த மனைவி நாற்பது முறை அந்த நாளுக்குள் போய் வர வேண்டும். நாற்பது முறையும் "உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்ற குற்றச்சாட்டு உள்ளே ஒலிக்கும். பந்தலில் விவரம் தெரிந்த உறவுக்காரர் ஒருவரை உட்காரவைத்து, கேட்பவர்களுக்கு அவரே ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பும்படி செய்யுங்கள். "போயிட்டாருங்க. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வீட்ல இப்ப யாரும் கேக்க வேணாம்." இது போதும்.

மூத்த மகனின் தோளைத் தட்டி "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள" என்பார்கள். பதினான்கு வயதுப் பையன் அழக்கூட உரிமை இல்லாமல் நிற்பான். அவன் காதில் விழும்படியே, "நீ பையனாவே இருப்பா, பாத்துக்க நாங்க இருக்கோம்" என்று வேறு யாராவது சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் அப்பா ஊருக்குப் போயிருக்கார், தூங்குறார் என்று சொல்லாதீர்கள். தெருவில் விளையாடும்போது வேறு பிள்ளையின் வாயிலிருந்து உண்மையைக் கேட்பார்கள். அதற்குப் பிறகு நம்மை நம்ப மாட்டார்கள். அப்பாவுக்கு மனசு ரொம்ப நோவா இருந்தது, இறந்துட்டார், அதுக்கு நீ காரணம் இல்லை. இந்த மூன்றும் எந்த வயதுக்கும் புரியும். மூன்றாவதை நிறைய முறை சொல்ல வேண்டியிருக்கும். பள்ளிக்குத் திரும்பும் முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நீங்கள் என்ன பேசுவது? அறிவுரை எதுவும் வேண்டாம். "அக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்பதே நல்ல பேச்சு. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் எப்படிச் சிரிப்பார், எந்த ஷிப்டில் பாட்டு போடுவார் என்று பேசுங்கள். அந்தப் பெயரை எல்லாரும் தவிர்க்கும்போதுதான் வீடு இன்னும் சூனியமாகிறது.

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இளைஞர் இறந்தால் நண்பர்கள் அடிப்பார்கள்; தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். படம், பெயர், நாள் போதும். எப்படி, எங்கே, யாரால் என்பதும், சாவை வீரமாக்கும் வசனமும் வேண்டாம். சம்பவ இடத்துப் படமோ வீடியோவோ வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அட்மின் உடனே நீக்க வேண்டும். அதே நெருக்கடியில் இருக்கும் இன்னொருவர் அதே குழுவில் இருப்பார். தற்கொலைச் செய்திகளுக்கென இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் ஏற்ற நெறிகளும் இதையே சொல்கின்றன.

ஒடிசாவில் இருக்கும் தாய்

ரோலிங் மில்லிலும் வார்ப்பாலையிலும் வேலை பார்க்கும் பையன்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள். ஊர் அவர்கள் எல்லாரையும் "இந்திக்காரப் பசங்க" என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறது. ஒடிசாக்காரனுக்கு இந்தி நமக்கு இருப்பதுபோல ஒரு பிற மொழிதான். துக்கச் செய்தியை வேற்று மொழியில் கேட்பது கொடுமை. மேஸ்திரியோ காண்ட்ராக்டரோ அடிக்கும் முதல் போனுக்கு முன்பு, அதே ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் வாயால் அவர் மொழியில் சொல்லவையுங்கள். தாயிடம் நேரடியாகச் சொல்லாமல் பக்கத்தில் வேறு பெரியவர் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்கள்.

அறையில் உடன் தங்கியிருந்தவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே அறையில் ஷிப்ட் மாற்றிப் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். முதலில் பார்த்தவர்களும் பெரும்பாலும் இவர்களே. ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே அறையில் படுத்து, அதற்கு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். குறைந்தது சில நாட்களுக்காவது வேறு அறை கொடுங்கள். காலியான இடத்தில் உடனே புது ஆளைப் படுக்கவைக்காதீர்கள். ஊருக்குப் போய்வர விரும்பினால் வேலை போகாது என்று எழுத்தில் தாருங்கள். வாய்ப்பேச்சை அவர்கள் நம்புவதில்லை, நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசுவது பாவமல்ல

தற்கொலை என்றால் ஒரு பைசா வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அது தவறு. பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

ஆயுள் காப்பீட்டில் பாலிசி தொடங்கி 12 மாதம் கடந்திருந்தால் தற்கொலை என்ற காரணத்துக்காக முழுத் தொகையை மறுக்க முடியாது. 12 மாதத்துக்குள் என்றாலும் கட்டிய பிரீமியத்தில் பெரும்பகுதி திரும்ப வரும். பிறகு, இறந்தவரின் சம்பளக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்தம் மட்டும் இருந்தால் அது விபத்துக் காப்பீடு, இதற்குப் பொருந்தாது. கணக்கு தொடங்கும்போது எங்கோ போட்ட கையெழுத்து இது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பி.எஃப். பிடித்தம் இருந்தால், காண்ட்ராக்ட் தொழிலாளி என்றாலும், மூன்று கேட்க வேண்டும்: சேர்ந்திருக்கும் பணம், துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம், பணியில் இருக்கும்போது இறந்ததற்கான காப்பீடு. கடைசியாகச் சொன்னது அதிகபட்சம் 7 லட்சம் வரை. ஓய்வூதியத்துக்கு ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும். கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்ற விதி இறப்புக்குக் கிடையாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். பாக்கிச் சம்பளமும் போனஸும் குடும்பத்துக்குச் சேர வேண்டியவை. இவற்றுக்கெல்லாம் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, தாசில்தாரிடம் பெறும் வாரிசுச் சான்று வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகல் எடுத்து ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள்.

அடுத்து கடன். வசூல்காரர் பதினாறுவரைகூடப் பொறுப்பதில்லை. இறந்தவர் தனியாக வாங்கிய கடனுக்கு, கையெழுத்துப் போடாத மனைவியோ பிள்ளையோ தங்கள் உழைப்பிலிருந்து கட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. உடன் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. அப்போதும் கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு உண்டா என்று கேளுங்கள். குழுக் கடன்களில் பெரும்பாலும் உண்டு. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் 2003ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. வசூல்காரர் வரும் நாளில் குழுத் தலைவி அந்த வீட்டில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

பதினெட்டு மாதக் கணக்கு

பதினாறாம் நாள் பந்தல் பிரிப்பார்கள். சொந்தங்கள் கிளம்புவார்கள். அந்த வீட்டுக்கு உண்மையான தனிமை அன்று மாலைதான் தொடங்குகிறது. நம் ஊர்த் துக்க முறை முதல் பதினாறு நாளுக்கு உலகில் எதற்கும் சளைத்ததல்ல. பதினேழாம் நாளுக்கு அதனிடம் ஒன்றுமில்லை. அந்த இடத்தை நிரப்புவதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கிய வேலை.

அதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வை நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசில், ஈரான், சீனா என ஐந்து இடங்கள், 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதியிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். மாத்திரை மருந்தில் அல்ல, விசாரிப்பில் வந்த வித்தியாசம்.

இதைச் செய்யப் படித்த நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1986இல் சென்னையில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும், தமிழ்நாட்டில் இரண்டு இலங்கைத் தமிழ் அகதி முகாம்களில் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு முகாமில் அங்கேயே குடியிருந்தவர்களுக்குக் குறைந்த பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருந்தவர்களைத் தொடர்ந்து சந்திக்கவைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை: எண்ணம் தலைதூக்கும்போது என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன், எந்த எண். இன்னொரு முகாமோடு ஒப்பிட்டபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியிலும் அப்படி ஒரு மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாமில் முடிந்தால் லைன் வீட்டிலும் முடியும்.

இந்த இரண்டு ஆய்வுகளும் முயன்று பிழைத்தவர்களையும் ஆபத்தில் இருந்தவர்களையும் பற்றியவை. இழந்தவர்களுக்கு அந்தக் கால அட்டவணையைப் பொருத்துவது என் பரிந்துரை. ஆய்வில் அந்த ஒன்பது தொடர்புகள் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் அமைந்தன. இதைப் பதினாறாம் நாளிலிருந்து எண்ணிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நம் வழக்கத்துக்கு மேலும் சில நாட்கள் சேரும்: பண்டிகை இல்லாத முதல் தீபாவளி, முதல் பொங்கல், இறந்தவரின் பிறந்தநாள், தலை திவசம். கம்பெனியில் போனஸ் போடும் வாரத்தையும் சேர்க்கச் சொல்வேன். தெரு முழுக்கப் புதுத்துணி வாங்கும்போது அந்த வீடு கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு முறையும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, எந்தக் காகிதம் எந்த ஆபீஸில் நிற்கிறது. பிறகு ஒரு கேள்வி, சுற்றி வளைக்காமல்: "அக்கா, நாமும் போயிடலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்போது, எவ்வளவு தூரம் யோசித்தார் என்று கேளுங்கள். அன்று தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தான பொருள் இருந்தால் அவருடைய சம்மதத்தோடு எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில் தற்கொலை இறப்புகள் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிரைக் காப்பாற்றுகிறது.

முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக, கேஸ் ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. வயிற்றுவலி, தவறி நடந்துவிட்டது என்று டாக்டரிடம் பொய் சொன்னால் சிகிச்சைதான் தவறும்.

தண்டவாளம் பிரிக்கும் மாவட்டம்

திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரக்கோணம் வழித் தடத்தில் இருப்பவர்களுக்கு அது வசதி. கும்மிடிப்பூண்டி இருப்பதோ கூடூர் தடத்தில். ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும்; பஸ்ஸில் என்றால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை பக்கம் சுற்ற வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே "ஜி.ஹெச். போங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்துக்காரருக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமோ ரயிலில் எளிது. அதற்கும் முன், மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு வையுங்கள்.

போனில் பேச: 14416, டெலி மானஸ், 24 மணி நேரம், இலவசம். இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கிலும் பேசலாம். அறை நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்நேகா 044-24640050. மாநில சுகாதார உதவி எண் 104. வீட்டில் அடிதடி என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் போனில் பதிந்து, முதல் அழைப்பைப் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுங்கள்.

ஆலை நிர்வாகத்துக்கு ஒரு சொல். இறந்தவரின் குடும்பத்தைக் கணக்கு முடிக்க கேட்டுக்கு வரவழைக்காதீர்கள், ஹெச்.ஆர். வீட்டுக்குப் போகட்டும். அவரைக் கடைசியாகத் திட்டிய சூப்பர்வைசரை மாலையோடு அனுப்பாதீர்கள். அந்தச் சூப்பர்வைசருக்கும் பேச ஆள் தேவைப்படும் என்பதை மறக்காதீர்கள். ஒரு மனநல நிபுணரைக் கூப்பிட்டு கேன்டீனில் இருநூறு பேரை உட்காரவைத்து நடத்தும் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, ரிப்போர்ட்டில் ஒட்டப் படம் எடுக்கத்தான் உதவும். அதே செலவில் ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேருக்குக் கேட்கப் பயிற்சி கொடுக்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவிலோ ஷிப்டிலோ கடந்த ஓராண்டில் இப்படி ஒருவரை இழந்த வீடு எது என்று யோசியுங்கள். அங்கே போகப்போகிற இரண்டு பேரின் பெயரையும், முதலில் போகும் தேதியையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.